வேட்பாளரிடம் இதையும் கேட்கலாமா? ஒரே பாலினத்தவர் உரிமை, திருமணம், நம்ம மலையக மேடை

பனிமூட்டம் (ஹட்டன் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. மாகாண சபைத் தேர்தலை எப்போது வைக்கிறார்களோ தெரியாது (மத்திய மாகாணத்துக்கு 2013இல் வைத்ததுதான், அதோடு சரி). ஆனால் வைத்தால், வேட்பாளர்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்து மாலையை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகிற பழைய கதை வேண்டாம், வாசிகசாலையில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்போம் என்று முடிவெடுத்திருக்கிறோம். சம்பளம், காணி, வீடு, பஸ், கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாதது, இதெல்லாம் பட்டியலில் ஏறிவிட்டது.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து, "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிறவர்களுடைய உரிமை பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்போமே" என்றது. பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் "பார்ப்போம்" என்று கொப்பியை மூடிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிரித்து முடித்துவிடுகிற விஷயமா இது?

அதனால் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நானே தேடிப் பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். அமெரிக்காவில் ஒபாமா 2008இல் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று சொல்லி வாக்குக் கேட்டவர், 2012இல் ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவு என்று மாறினார், 2015இல் அங்கே நீதிமன்றமே நாடு முழுவதற்கும் அனுமதித்துவிட்டது. அங்கே ஆளுக்கு ஒரு நிலைப்பாடு இருந்தது, மாறினாலும் எங்கிருந்து எங்கே மாறினார் என்று தெரிகிறது. நம் இலங்கையில் அப்படி ஒரு கோடு போட்டுப் பார்க்க முடியவில்லை. ஆதரவு மாதிரியும் இருக்கிறது, எதிர்ப்பு மாதிரியும் இருக்கிறது.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கே யார் எந்தப் பக்கம்? நழுவ முடியாதபடி எப்படிக் கேட்பது? சம்பளமே முடியாத ஊரில் இதைக் கேட்பது பொருத்தமா? கடைசிக் கேள்விதான் எங்கள் கழகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.


சட்டக்கொப்பி (பேராதனை) எழுதியது:

தம்பி, உங்களுக்குத் தலை சுற்றியதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கித்தான் நம் அரசியல்வாதிகள் பதில் சொல்கிறார்கள். குற்றமா இல்லையா என்பது ஒன்று. வேலையிலும் பள்ளியிலும் பொலிஸிலும் பாகுபாடு காட்டலாமா என்பது வேறு. திருமணம் மூன்றாவது. முதலாவதைக் கேட்டால் "நம் கலாசாரத்தில் இந்தக் கல்யாணம் நடக்காது" என்று மூன்றாவதற்குப் பதில் வரும். மூன்றாவதைக் கேட்டால் "எல்லாரும் மனிதர்களே" என்று எதற்கும் பொருந்துகிற ஒரு பதில் வரும். கூட்டத்துக்கு வருகிறவர் கை தட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார், அவர் என்ன சொன்னார் என்று வீட்டுக்குப் போய் யோசித்தால் ஒன்றும் இருக்காது.

ஒரே பாலின உறவைக் குற்றமாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. இந்த மலையில் கோப்பி நோயில் அழிந்து தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. 365இல் பத்து வருடம் வரை, 365அவில் இரண்டு வருடம் வரை சிறை. பழைய 365அ ஆண்களை மட்டும் பேசியது. 1995இல் திருத்த உட்கார்ந்தவர்கள் அதை எடுத்துப்போடுவார்கள் என்று பலரும் நினைத்தபோது, "ஆண்" என்ற இடத்தில் "எவரேனும் ஆள்" என்று போட்டுப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். சமத்துவம் கொடுத்தார்களாம்!

நீதிமன்றத்துக்குப் போய் இந்தப் பிரிவை அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். இந்தியாவில் 2018இல் அதுதான் நடந்தது. இங்கே முடியாது. நம் அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. பாகுபாடு கூடாது என்கிற 12(2)இல் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று வரிசை இருக்கிறது, பாலியல் நாட்டம் அதில் இல்லை. ஆகவே சாவி பாராளுமன்றத்திடம்தான். அதனால்தான் இங்கே வேட்பாளருடைய நிலைப்பாடு இவ்வளவு முக்கியம்.

இப்போது யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு வருகிறேன். நல்லாட்சிக் காலத்தில், 2017 ஜனவரியில், மனித உரிமைச் செயற்திட்டத்தில் இந்தப் பிரிவுகளை நீக்குகிற யோசனை அமைச்சரவைக்கு வந்தபோது அதை வெளியே எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் இதற்கு எதிர், ஆனால் யார் மீதும் வழக்குப் போட மாட்டோம் என்ற மாதிரி அமைச்சர் ராஜித சேனாரத்ன விளக்கம் சொன்னார். 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன, தான் பதவியிலிருந்து நீக்கிய ரணிலையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் மேடையிலேயே "வண்ணத்துப்பூச்சி" (தன்பாலீர்ப்பாளரைக் குத்திக்காட்டும் சொல்) என்று கேலி செய்தார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன மங்கள சமரவீர, அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பது மேல் என்று திருப்பிக் கொடுத்தார். கொழுந்து எடுக்கிற நம் ஆட்களுக்கு அட்டை என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

2021 மார்ச்சில் கோட்டாபய, பாலியல் நாட்டம் எதுவானாலும் எல்லாரும் கௌரவமாக வாழ வேண்டும் என்று பதிவு போட்டார். பதிவு போட்டதோடு சரி. 2022இல் பொதுஜன பெரமுன எம்.பி. பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, எம்.பி.க்களுடைய ஆதரவை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்ற மாதிரி சொன்னார். 2023 பெப்ரவரியில் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி இன்னும் தெளிவாக, குற்றம் என்பதை எடுக்க ஆதரவு, திருமணத்துக்கு இல்லை என்றார். எனக்கு அவர் சொன்னதில் உடன்பாடு இல்லாவிட்டாலும், மூன்றையும் குழப்பாமல் பதில் சொன்ன ஒரே ஆள் என்று மதிப்புக் கொடுப்பேன்.

அந்த மசோதாவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 மேயில் வந்த முடிவு, மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்பது. அதாவது சாதாரண பெரும்பான்மை போதும், சர்வசன வாக்கெடுப்பு தேவையில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது மசோதாவும் செத்தது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் முக்கிய வேட்பாளர் ஒருவர்கூட ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்குவேன் என்று வாக்குறுதி கொடுக்கவில்லை. தேசிய மக்கள் சக்தியின் கொள்கைப் பிரகடனத்தில் இந்தச் சமூகத்தின் உரிமைகள் பற்றி எழுதியிருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்று அவர்களுக்கு 225இல் 159 ஆசனம். சாதாரண பெரும்பான்மைக்கு 113 போதும். இனி "எண்ணிக்கை இல்லை" என்று அவர்கள் சொல்ல முடியாது.

இன்னொன்று, உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் மாகாண சபை வேட்பாளர். தண்டனைச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. "நான் வந்தால் 365ஐ எடுப்பேன்" என்றாலும் சும்மா, "எடுக்க விடமாட்டேன்" என்றாலும் சும்மா. ஆனால் மாகாணப் பாடசாலையும் மாகாண ஆஸ்பத்திரியும் சபையின் கையில். அதைக் கேளுங்கள்.


பழைய தலைவர் (மஸ்கெலியா) எழுதியது:

சட்டக்கொப்பி நன்றாக எழுதியிருக்கிறார், படித்த பிள்ளை. நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத் தலைவராக இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபாய் என்று ரணில் அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் கைக்கு வந்த அடிப்படைச் சம்பளம் 1,350. பிறகு 1,750 என்று இன்னொரு அரசாங்கம். இதை ஒரு மனிதனிடம் உட்கார வைத்துக் கேட்டு முடிக்கவே ஒரு பகல் போதாது. நீங்கள் இந்தக் கேள்வியைத் தூக்கிக் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? வேட்பாளருக்குக் கொண்டாட்டம். சம்பளத்தில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தவன் எழுந்து, கலாசாரம், தாய்க்குலம், மாரியம்மன் என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளுவான். சனம் கை தட்டும். கூட்டம் முடிந்தது.

2024இல் இங்கே பாருங்கள், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. இரண்டு பக்கத்து மேடையிலும் நான் கேட்டது சம்பளமும் காணியும்தான். இந்த விஷயத்தை ஒருத்தரும் தொடவில்லை. தொட்டால் வாக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை, வயசாகிவிட்டது, மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதுக்காக ஒருத்தனைப் பிடித்து உள்ளே போடுவதும் எனக்குச் சம்மதமில்லை.


கரட்டு மலைப் பையன் (நுவரெலியா) எழுதியது:

இதெல்லாம் வெளிநாட்டுக் காசுக்கு ஆடுகிற ஆட்டம். நம் தோட்டத்தில் இப்படி யாரும் கிடையாது. தேவையில்லாமல் சின்னப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றாதீர்கள்.


செண்பகம் (இப்போது கொழும்பில், ஊர் தலவாக்கலைப் பக்கம்) எழுதியது:

கரட்டு மலைத் தம்பிக்கு வணக்கம். தோட்டத்தில் யாரும் கிடையாது என்று சொன்னீர்கள். எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு யாரும் காசு அனுப்பவில்லை, அனுப்பினால் சொல்கிறேன்.

நான் திருநங்கை. வாக்குப் போடுவது எப்படி என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூட மண்டபத்துக்குள் போனதும் முதல் மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் அடையாள அட்டையைப் பார்த்து, இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போட. என் பழைய பெயரை அப்படி வாசித்தார்கள். பின்னால் வரிசையில் எங்கள் லயத்துப் பெரியம்மா, என்னோடு ஏழாம் வகுப்பில் படித்தவன், அவன் தங்கச்சி. முகவராக இருந்தவன் தலையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றான். மையைப் பூசுகிற அம்மா என் விரலைப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். வாக்குப் போட்டேன். அதற்கடுத்த தேர்தலுக்கு ஊருக்கு வரவே இல்லை.

2016இலிருந்து பாலினத்தை அங்கீகரிக்கிற சான்றிதழ் இருக்கிறது. மனநல விசேட வைத்தியரிடம் போக வேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். வாசிக்க எளிதாக இருக்கிறதல்லவா? கொழுந்து எடுக்கிற வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வேலையை விட்டு, அதுவும் பேர் (அன்றைய நாள் சம்பளம்) விழாமல், பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அங்கே துண்டு எழுதுகிற இடத்தில் எதற்கு வந்தாய் என்று எல்லார் முன்னாலும் தமிழில் சொல்ல வெட்கம், சிங்களத்தில் சொல்ல மொழி வராது. நான் கொழும்புக்கு வந்த பிறகுதான் எல்லாம் மாற்றினேன்.

சட்டக்கொப்பி 365ஐச் சொன்னார். எங்களுக்கு அதைவிட அடிக்கடி வருவது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், அப்புறம் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவு. இரவில் பஸ் நிலையத்தில் நின்றால் போதும். வழக்கு என்று ஒன்று வராமலே போகலாம், கூட்டிக்கொண்டு போய் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் விட்டால் அதற்கு எங்கே கணக்கு? "வழக்குப் போட மாட்டோம்" என்று அமைச்சர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

திருமணம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எனக்கு முதலில் வேண்டியது அது இல்லை. ஆனால் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் ஒரே காம்பராவில் அக்கா தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறார்கள். காம்பரா மூத்தவளுடைய பெயரில். அவள் ஓய்வு பெற்றாலோ ஏதாவது ஆனாலோ மற்றவள் தோட்டத்துக்கு யார்? லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேட்பதில்லை, நல்ல சனம்தான். ஆனால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போய் நல்ல சனம் என்று சொல்லி வீட்டை வாங்க முடியாது.

தலைவர் ஐயா, உங்கள் பயம் எனக்கும் உண்டு. சத்தமாகக் கேட்டு, கத்தலாக முடிந்தால், மேடையில் இருப்பவர் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த நாள் தண்ணீர்ப் பீலிக்குப் போகிற ஒரு பையனைத்தான் சனம் பார்த்துச் சிரிக்கும்.


கட்டுகஸ்தோட்டை நானா எழுதியது:

என் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. எங்கள் பக்கத்தில் தேர்தல் கேட்கிற வேட்பாளரும் அப்படித்தான் சொல்வார், நானும் அதைத்தான் எதிர்பார்ப்பேன். ஒளித்துப் பேச விரும்பவில்லை.

ஆனால் ஒரு விஷயம். இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரே திருமணச் சட்டம் இல்லை. எங்களுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், கண்டிச் சிங்களவர்களுக்கு 1952ஆம் ஆண்டு தனிச் சட்டம், உங்களுக்கு 1907ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம். எங்கள் சட்டத்தில் பெண் பிள்ளைகளின் வயதைத் திருத்தச் சொல்லி எத்தனை வருடமாக இழுபடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாராவது திருமணம் என்று ஆரம்பித்தால் எல்லா மதத் தலைவர்களும் ஒரே மேடைக்கு வந்துவிடுவார்கள். 2025இல் இந்தச் சமூகத்துக்கான சுற்றுலா என்ற பேச்சுக்கே கத்தோலிக்கக் கர்தினால் எதிர்ப்புச் சொன்னார். அதனால் சிறைத் தண்டனையைத் தனியாகக் கேளுங்கள். செண்பகம் தங்கச்சியைப் பொலிஸ் ஒரு இரவு பிடித்து வைப்பதற்கு என் மார்க்கத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.


சட்டக்கொப்பி எழுதியது:

நானா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பொதுச் சட்டம் ஆண் தரப்பு, பெண் தரப்பு என்றுதான் பேசுகிறது, அதனால் தொலவத்தவின் மசோதா நிறைவேறியிருந்தாலும் திருமணம் வந்திருக்காது. பால்நிலை சமத்துவ மசோதா என்று 2024இல் ஒன்று வந்தபோது, மூன்றிலிரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது சில எம்.பி.க்கள் ஒரே பாலினத் திருமணம் நுழைந்துவிடும் என்று பயம் காட்டியதும் நடந்தது. தண்டனையை எடுக்க 113 கை போதும், திருமணம் என்றால் அது வேறு தூரம். இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டால் வேட்பாளர் தூரமானதைக் காட்டிப் பக்கத்தில் இருப்பதையும் தட்டிக்கழிப்பார்.

கரட்டு மலைத் தம்பி, வெளிநாட்டுக் காசு பற்றி: அந்த 1883க் கோவையை நம் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா எழுதவில்லை.


கரட்டு மலைப் பையன் எழுதியது:

சரி, அக்கா எழுதியதை வாசித்தேன். எங்கள் லயத்தில் அப்படி ஒருத்தர் இருந்தார், சின்ன வயதில், பிறகு காணவில்லை. கல்யாணம் என்ற பேச்சை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குச் சாவடி விஷயம் வேறு, அது பிழை.


பனிமூட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செயலாளருக்கும் அந்தத் தங்கச்சிக்கும் இதை அப்படியே காட்டினேன். செயலாளர் அரை மனது. தங்கச்சிதான் கேள்வியை எழுதியது, பார்த்துச் சொல்லுங்கள்:

"நீங்கள் சபைக்கு வந்தால் மாகாணப் பாடசாலையில் ஒரு பிள்ளையை நடை, பேச்சு, உடை காரணமாக அவமானப்படுத்துகிற ஆசிரியர் மேல் என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்? பாலினச் சான்றிதழுக்கு வருகிறவரைத் தமிழில் கேட்டு அனுப்ப மாகாண ஆஸ்பத்திரியில் ஒருவரை வைப்பீர்களா? உங்கள் கட்சி எம்.பி.க்கள் 365, 365அ பிரிவுகளை எடுக்க வாக்களிப்பார்களா, மாட்டார்களா? கடைசி இரண்டுக்கும் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்."

திருமணத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அதை அவராகவே இழுத்தால், "அதைக் கேட்கவில்லை ஐயா" என்று எங்கள் கழகத் தலைவர் சொல்வார். கழகத்தில் இரண்டு பேர் அது கோழைத்தனம் என்கிறார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை.


செண்பகம் எழுதியது:

கோழைத்தனம் என்று சொன்ன இரண்டு பேரையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தத் தடவை தங்கச்சி எழுதியது சரி. ஒரு சின்னத் திருத்தம்: "வருகிறவரைத் தமிழில் கேட்டு" என்பதோடு "தனி அறையில்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பழைய தலைவர் எழுதியது:

கேள்வி பரவாயில்லை. ஆனால் சம்பளம், காணி இரண்டுக்கும் பிறகு, வீட்டுக்கு முன்னால் வையுங்கள். கடைசியில் வைத்தால் "நேரமாகிவிட்டது, வேறு கூட்டம் இருக்கிறது" என்று எழுந்துவிடுவார்கள். முதலில் வைத்தால் நான் சொன்ன மாரியம்மன் பேச்சு வரும். அப்புறம் மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள், கழகத்து ஆள் ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கொடுத்தால் திரும்பி வராது.